மூன்று பிள்ளைகள், மூன்று வயது, ஒரே கூடம்: வீட்டுக்கல்விக்கு எந்தப் பாடத்திட்டம்?

கேள்வி: நாங்கள் மதுரைக்குப் பக்கத்தில் வசிக்கிறோம். மூத்த மகளுக்கு 13 வயது, மகனுக்கு 9, கடைசிப் பெண்ணுக்கு 5. வருகிற ஜூன் முதல் மூவரையும் வீட்டிலேயே படிக்க வைக்கலாம் என்று நானும் கணவரும் முடிவெடுத்திருக்கிறோம். மகள் எட்டாம் வகுப்பை முடிக்கிறாள். கணக்கும் ஓவியமும் அவளுக்குப் பிடிக்கும். பள்ளி, டியூஷன் என்று இரவு எட்டு மணி வரை ஓடிச் சோர்ந்து போயிருக்கிறாள். மகன் நான்காம் வகுப்பு. இன்னும் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறான். வகுப்பில் கேலி செய்கிறார்கள் என்று காலையானால் வயிற்றுவலி என்கிறான். சின்னவள் எதையும் சட்டென்று பிடித்துக்கொள்வாள். கணவருக்கு ஷிஃப்ட் வேலை. நான் மதியத்துக்கு மேல் வீட்டிலிருந்தே கணக்கு எழுதும் வேலை பார்க்கிறேன். ஓர் அமெரிக்கப் பாடத் தொகுப்பை வயதுக்கு ஒன்றாக மூன்று வாங்கலாமா? மாண்டிசோரி கல்விமுறை, வால்டார்ஃப் கல்விமுறை என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். பின்னால் சான்றிதழுக்கு என்ன செய்வது? 'ஊரோடு ஒட்டாத பிள்ளைகளாகிவிடும்' என்று மாமியார் வருந்துகிறார். அதற்கு என்ன பதில் சொல்வது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் பாடத்திட்டம் பற்றி நிறைய இருக்கிறது. மூத்த மகள் இதைப் பற்றி என்ன நினைக்கிறாள் என்று ஒரு வரிகூட இல்லை. 13 வயதுப் பெண்ணுக்குத் தோழிகள் இருப்பார்கள், பிடித்த ஆசிரியர் ஒருவராவது இருப்பார். அவளுடைய சோர்வுக்குக் காரணம் பள்ளியா, பள்ளிக்குப் பிறகு நடக்கும் டியூஷனா என்பதை முதலில் அவளிடம் கேளுங்கள். டியூஷன்தான் என்றால் அதை நிறுத்திவிட்டு, அவள் மட்டும் பள்ளிக்குப் போகலாம். மூவரையும் ஒரே நாளில் பள்ளியிலிருந்து நிறுத்தியாக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. விரும்பாமல் வீட்டில் உட்கார்த்தி வைக்கப்பட்ட வளரிளம் பிள்ளைக்கு எவ்வளவு நல்ல புத்தகமும் உதவாது. அவளும் மனமார விரும்புகிறாள் என்று வைத்துக்கொண்டு மற்றவற்றைச் சொல்கிறேன்.

மூன்று வயதுக்கு மூன்று தொகுப்பு வேண்டாம். அப்படி வாங்கினால் நடக்கப்போவது இதுதான்: ஒவ்வொரு தொகுப்பிலும் மொழி, கணக்கு, அறிவியல், சமூக அறிவியல், கைவேலை என்று குறைந்தது ஐந்து பாடம் இருக்கும். மூவருக்கும் சேர்த்தால் பதினைந்து. உங்களிடம் இருப்பதோ ஒரு காலைப்பொழுது. முதல் சில வாரங்கள் ஆர்வத்தில் ஓடும். பிறகு ஒரு பிள்ளையின் பாடம் பின்தங்கும், அதைப் பிடிக்க இன்னொரு பிள்ளையை அவசரப்படுத்துவீர்கள், வீட்டுக்குள்ளேயே ஒரு பள்ளிக்கூடம் முளைத்துவிடும். நான் ஆலோசனை சொல்லும் குடும்பங்களில் வீட்டுக்கல்வியைப் பாதியில் விட்டவர்கள் பெரும்பாலும் இந்தச் சுமையால்தான் விட்டார்கள். பிள்ளைகளுக்குப் படிக்கத் திறமை இல்லாததால் அல்ல.

அமெரிக்கத் தொகுப்புகளில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அவை மோசமானவை அல்ல. ஆங்கில வாசிப்பைப் படிப்படியாகக் கற்பிக்கும் முறையில் சில மிக நன்றாகவே இருக்கின்றன. ஆனால் கணக்கில் டாலரும் அங்குலமும் பவுண்டும் வரும். பருவம் என்றால் பனிக்காலமும் இலையுதிர் காலமும். வரலாறு என்றால் அவர்களுடைய குடியேற்றங்களும் உள்நாட்டுப் போரும். ஆடிப்பட்டம் என்றால் என்ன, ஐப்பசி மழை எப்போது என்று தெரிய வேண்டிய உங்கள் சின்னவள் ஜனவரியில் பனிமனிதனுக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருப்பாள். தமிழ் அதில் அறவே இருக்காது. ஆங்கில வாசிப்புக்கு மட்டும் தனி நூல் கிடைத்தால் அதை மட்டும் வாங்குங்கள்.

பாடங்களை நான் இரண்டாகப் பிரிப்பேன். ஒரு படி ஏறாமல் அடுத்த படிக்குப் போக முடியாதவை ஒரு வகை: கணக்கு, வாசிப்பு, எழுத்து. கூட்டல் வராமல் பெருக்கல் வராது. இவற்றை ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியாக, அந்தப் பிள்ளை இப்போது நிற்கும் இடத்திலிருந்து தொடங்க வேண்டும். வயதையும் வகுப்பையும் பார்க்கக் கூடாது. இன்னொரு வகையில் அறிவியல், வரலாறு, புவியியல், கலை, இசை, சமையல், விளையாட்டு, கதை எல்லாம் வரும். இவற்றுக்கு அப்படியொரு வரிசை கிடையாது. ஆற்றைப் பற்றி 5 வயதிலும் அறியலாம், 13 வயதிலும் அறியலாம், ஆழம்தான் வேறு. ஆகவே இவற்றை மூவருக்கும் சேர்த்தே நடத்துங்கள். இப்படிப் பிரித்தவுடனேயே பதினைந்து பாடம் ஒன்பதாகக் குறைந்துவிடும்.

இது நான் புதிதாகக் கண்டுபிடித்ததல்ல. நம் திண்ணைப் பள்ளிகளில் எல்லா வயதுப் பிள்ளைகளும் ஒன்றாகத்தான் உட்கார்ந்தார்கள். மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை சிறியவர்களுக்கு எழுத்தைச் சொல்லிக்கொடுத்தான். சென்னையில் ஆதரவற்ற சிறுவர் இல்லம் ஒன்றை நடத்திய ஆண்ட்ரூ பெல், மாணவர்களே மாணவர்களுக்குக் கற்பிக்கும் முறையை அங்கே கையாண்டு, 1797இல் அதைப் பற்றி லண்டனில் நூலாக வெளியிட்டார். இங்கிலாந்தில் அது 'மெட்ராஸ் முறை' என்ற பெயரிலேயே பரவியது. மரியா மாண்டிசோரி 1939இல் சென்னை அடையாறுக்கு வந்தார். உலகப்போர்க் காலத்தில் சில ஆண்டுகள் கொடைக்கானலில் தங்கி, பல வயதுப் பிள்ளைகள் சேர்ந்து படித்த சிறு பள்ளி ஒன்றை நடத்தினார். ஆறு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான அவருடைய கல்விமுறை பெரிதும் அங்கேதான் உருவானது. ஆந்திரத்தின் ரிஷிவேலியில் ஓராசிரியர் பள்ளிகளுக்காக உருவாக்கிய, பாட அட்டைகளில் ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் படிப்படியாக ஏறும் அட்டை-ஏணி முறையைப் பார்த்துத்தான் தமிழ்நாட்டின் செயல்வழிக் கற்றல் வந்தது. இப்போது அரசுப் பள்ளிகளில் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிக்கிறார்களே, அதுவும் இதே சிந்தனைதான்: பிள்ளை எந்த வகுப்பில் இருக்கிறது என்பதைவிட எந்த நிலையில் இருக்கிறது என்பது முக்கியம். ஆகவே மாண்டிசோரியா வால்டார்ஃபா என்று பெயரைத் தேர்ந்தெடுக்கத் திணற வேண்டாம். இவை பள்ளிகளுக்காகப் பயிற்சி பெற்ற ஆசிரியர்களை வைத்து உருவானவை. உங்கள் வீட்டுக்கு எது பொருந்துகிறதோ அதை எடுத்துக்கொள்ளலாம். மொத்தமாக ஒன்றுக்குள் போய் உட்கார வேண்டியதில்லை.

தனிப் பாடங்களுக்கு நூல் எது என்று கேட்டால், தமிழுக்கும் கணக்குக்கும் தமிழ்நாடு அரசின் பாடநூல்களையே முதுகெலும்பாக வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்வழி, ஆங்கிலவழி இரண்டும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மூத்தவளுக்குக் கணக்கில் கூடுதல் சவால் வேண்டுமென்றால் மத்திய அரசின் என்.சி.இ.ஆர்.டி. பாடநூல்களைச் சேர்க்கலாம், அவையும் இலவசம். நூலைத் தேர்வு செய்வதற்கு முன் ஒரே ஒரு பாடத்தை அச்செடுத்து ஒரு வாரம் நடத்திப் பாருங்கள். பிள்ளை எங்கே தடுமாறுகிறது, நீங்கள் எங்கே அலுத்துப்போகிறீர்கள் என்று தெரிந்துவிடும். உங்கள் அலுப்பும் கணக்கில் கொள்ள வேண்டிய ஒன்றுதான், அம்மா. நடத்துகிறவருக்குப் பிடிக்காத நூல் மூன்றாவது மாதத்தில் அலமாரிக்குப் போய்விடும்.

இனி ஒவ்வொரு பிள்ளையாக.

சின்னவளைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை. 5 வயதுக் குழந்தைக்கு மேசையில் உட்காரும் படிப்பு ஒரு நாளைக்கு அரை மணி நேரம் போதும், அதுவும் இரண்டு தவணையாக. மணலில் எழுத்து, புளியங்கொட்டையில் எண்ணிக்கை, நிறையக் கதை, நிறையப் பாட்டு. பல்லாங்குழியும் தாயமும் எந்தக் கணக்குப் புத்தகத்துக்கும் குறைந்தவை அல்ல.

மகன் விஷயத்தில்தான் நான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. நான்காம் வகுப்பு முடியும் தறுவாயில் எழுத்துக்கூட்டி வாசிக்கும் பிள்ளையைச் சோம்பேறி என்று யாராவது சொன்னால் அவர்களை வாயை மூடச் சொல்லுங்கள். முதலில் கண் பரிசோதனை, காது பரிசோதனை. இரண்டிலும் குறையில்லை என்றால், கற்றல் குறைபாட்டை மதிப்பிடத் தெரிந்த உளவியலாளரிடம் காட்டுங்கள். டிஸ்லெக்சியா என்பது அறிவுக்குறை அல்ல. எழுத்தையும் ஒலியையும் இணைப்பதில் மூளைக்கு இருக்கும் தனிச் சிரமம். அது இருப்பதாகத் தெரிந்தால், கற்பிக்கும் முறையையே மாற்ற வேண்டும். அதே முறையில் இரண்டு மடங்கு நேரம் படிக்க வைப்பது பிள்ளையை வதைப்பதாகும். பொதுத்தேர்வு எழுதும் காலத்தில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகள் பெறவும் இந்த மதிப்பீடு தேவைப்படும். இதைப் பாடத்திட்டம் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே செய்துவிடுங்கள். அந்த முடிவு தெரியாமல் அவனுக்கு எந்த நூலையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அதுவரை வகுப்பை மறந்துவிட்டு, அவனால் தடங்கல் இல்லாமல் வாசிக்க முடிகிற நிலையிலிருந்து தொடங்குங்கள். முதல் வகுப்பு நூல் என்றாலும் சரி. அட்டையை மூடி உறைபோட்டுக் கொடுங்கள், வகுப்பு எண் தெரிய வேண்டியதில்லை. தினமும் இருபது நிமிடம், நீங்களும் அவனும் மட்டும், கதவைச் சாத்திக்கொண்டு. பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் நிலைவாரியாகப் பிரிக்கப்பட்டு இலவசமாக இருக்கின்றன. ஒரு பக்கம் நீங்கள், ஒரு பக்கம் அவன் என்று மாறி மாறி வாசியுங்கள். அறிவியலும் வரலாறும் அவன் வாசிப்புக்காகக் காத்திருக்கக் கூடாது. அவற்றை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள், அவன் கேட்டுப் பேசட்டும். வாசிக்கத் தெரியாததால் ஒரு பிள்ளையின் அறிவும் அங்கேயே நின்றுவிடுவதுதான் பள்ளிகளில் நான் காணும் பெரிய அநியாயம். வீட்டில் அதைத் தடுக்க முடியும்.

ஒன்றை மிக முக்கியமாகச் சொல்கிறேன். சின்னவள் சட்டென்று பிடித்துக்கொள்வாள் என்று எழுதியிருக்கிறீர்கள். இன்னும் ஓராண்டில் அவள் வாசிப்பில் அண்ணனைத் தாண்டக்கூடும். பள்ளியில் என்றால் அவர்கள் வேறு வேறு அறையில் இருந்திருப்பார்கள். வீட்டில் ஒரே கூடத்தில் இருக்கிறார்கள். அவன் திணறும் சொல்லை அவள் எட்டிப் பார்த்துச் சொல்லிவிட்டால் அந்த நாள் அவனுக்குப் போயிற்று. பள்ளியில் பட்ட கேலியை வீட்டிலும் படுகிறோம் என்று தோன்றிவிட்டால் பிறகு மீட்பது கடினம். ஆகவே வாசிப்புப் பாடத்தை மட்டும் எப்போதும் தனித்தனியாக நடத்துங்கள். அவன் வாசிக்கும் நேரத்தில் சின்னவளைப் பாட்டியிடம் அனுப்பிவிடுங்கள். உங்கள் மாமியாருக்கும் இதில் ஒரு பங்கு வந்துவிடும்.

மூத்தவள் உதவலாம். ஆனால் அவளை ஆசிரியையாக்கிவிடாதீர்கள். பெண்பிள்ளை, மூத்தவள், பொறுப்பானவள்: இந்த மூன்றும் சேர்ந்துவிட்டால் நம் வீடுகளில் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். தங்கைக்குக் கதை வாசிப்பது, தம்பியோடு ஆடுபுலி ஆட்டம் ஆடுவது, அவ்வளவுதான். அதையும் அவள் விரும்பும்போது. அவளுடைய படிப்பு நேரத்தைத் தொடக் கூடாது. தினமும் இரண்டு மணி நேரம் அவள் தானாகப் படிக்க, கதவைச் சாத்திக்கொள்ளக் கூடிய ஓர் இடம் வேண்டும்.

சேர்ந்து படிப்பது எப்படி என்று ஓர் உதாரணம் சொன்னால் தெளிவாகும். நீங்கள் மதுரைக்காரர். ஒரு பருவம் முழுக்க வைகையை எடுத்துக்கொள்ளுங்கள்.

வருசநாட்டு மலையில் பிறந்து, தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டங்கள் வழியாக 258 கிலோமீட்டர் ஓடும் ஆறு. சுவரில் ஒரு பெரிய வரைபடம் ஒட்டுங்கள். சின்னவள் ஆற்றுக்கு நீல வண்ணம் தீட்டட்டும்; கரையில் கிடைத்த கூழாங்கற்களை அளவு வாரியாக அடுக்கட்டும்; எது மிதக்கும், எது மூழ்கும் என்று வாளித் தண்ணீரில் பார்க்கட்டும். மகன் நூலை வளைவுகளின் மேல் வைத்து நீளத்தை அளந்து, வரைபட அளவுகோலைக் கொண்டு கிலோமீட்டராக மாற்றட்டும். வந்த விடை ஏன் 258ஐவிடக் குறைகிறது என்று கேளுங்கள். சின்ன வளைவுகளைப் படம் காட்டாது என்று அவனே கண்டுபிடிப்பான். மூத்தவளுக்கு நாளிதழ் போதும். வைகை அணையின் மொத்த நீர்த்தேக்க உயரம் 71 அடி. அன்றன்றைய நீர்மட்டமும் நீர்வரத்தும் நாளிதழில் வருகின்றன. அவற்றைக் குறித்துவைத்து வரைபடமாக்கட்டும். ஒரு கன அடி ஏறத்தாழ 28.3 லிட்டர் என்று சொல்லிவிட்டால், அணையிலிருந்து விநாடிக்கு எத்தனை லிட்டர் போகிறது, அது எத்தனை குடங்கள் என்று கணக்கிடுவாள். டி.எம்.சி. என்றால் நூறு கோடி கன அடி என்பதும் அப்போது வெறும் எழுத்தாக இருக்காது.

அங்கிருந்து முல்லைப்பெரியாறுக்குப் போங்கள். மேற்கே கடலுக்குப் போன தண்ணீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பியது எப்படி, 1895இல் அந்த அணை முடிந்தபோது இந்தப் பகுதிக்கு என்ன மாறியது, அதைக் கட்டிய பொறியாளர் பென்னிகுவிக் பெயரைத் தேனிப் பக்கத்தில் ஏன் இன்றும் பிள்ளைகளுக்கு வைக்கிறார்கள்? 13 வயதுப் பெண் இன்னும் ஒரு படி மேலே போகலாம்: உச்ச நீதிமன்றம் 2014இல் 142 அடி வரை நீரைத் தேக்க அனுமதித்தது, தமிழ்நாடு என்ன சொல்கிறது, கேரளம் என்ன அஞ்சுகிறது என்று இரு தரப்பு வாதத்தையும் ஒரு பக்கத்தில் எழுதிப் பார்க்கட்டும். அவளுக்கு அந்த வாரத்தின் கட்டுரைப் பயிற்சி அதுதான்.

பிறகு கீழடி. உங்களுக்கு அரை நாள் பயணம். 2023இல் திறந்த அருங்காட்சியகம் அங்கே இருக்கிறது. வைகைக் கரையில் இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர்களின் உறைகிணறும் பகடைக்காயும் மணிகளும் பானையோடும் பிள்ளைகள் கண்ணெதிரே இருக்கும். பானையோடுகளில் தமிழின் பழைய எழுத்தான தமிழியில் கீறப்பட்ட பெயர்களைக் காட்டுங்கள். வீட்டுக்கு வந்ததும் களிமண்ணில் ஓடு செய்து, ஆளுக்கொரு பெயரைத் தமிழியில் எழுதட்டும். இதை நான் குறிப்பாக உங்கள் மகனுக்காகச் சொல்கிறேன். அந்த எழுத்து மூவருக்குமே புதிது. அக்காவும் தெரியாமல் முழிப்பாள், அம்மாவும் முழிப்பீர்கள். எழுத்தைக் கண்டால் ஒதுங்கும் பிள்ளை மற்றவர்களோடு சமமாகத் தொடங்கும் அரிய வாய்ப்பு அது. ரகசியக் கடிதம் எழுத அதைப் பயன்படுத்தினால் இன்னும் நல்லது.

சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குவது, வண்டியூர்த் தெப்பக்குளத்துக்கு நீர் வரும் வழி, ஆற்றில் சாக்கடை கலக்கும் இடம், ராமநாதபுரம் பெரிய கண்மாய் என்று ஒரு பருவம் போதாது. அடுத்த பருவத்துக்கு அரிட்டாபட்டியை எடுத்துக்கொள்ளலாம்: 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர். பறவைகள், சுனைகள், சமணர் படுக்கை, குடைவரைக் கோயில் என்று அறிவியலும் வரலாறும் ஒரே குன்றில் இருக்கின்றன.

இவ்வளவு பெரிய ஏற்பாடு இல்லாத நாட்களுக்கு வாசலே போதும். 1, 3, 5, 7, 5, 3, 1 என்று புள்ளி வைத்துக் கோலம் போடுங்கள். சின்னவள் புள்ளிகளை எண்ணட்டும், மகன் ஒரு பாதி போட்டதைப் பார்த்து மறுபாதியை நிறைவு செய்யட்டும். மூத்தவளிடம் மொத்தம் எத்தனை என்று கூட்டாமல் சொல்லச் சொல்லுங்கள். 1+3+5+7 என்பது நான்கின் வர்க்கம் 16. மீதி 5+3+1 மூன்றின் வர்க்கம் 9. இரண்டும் சேர்ந்து ஐந்தின் வர்க்கம் 25. ஒற்றைப்படை எண்களை வரிசையாகக் கூட்டினால் ஏன் எப்போதும் வர்க்க எண்ணே வருகிறது என்பதைப் புள்ளிகளைக் கொண்டே நிறுவ முடியும். கணக்கும் ஓவியமும் பிடித்த பெண் இதை விடமாட்டாள்.

உங்கள் நேரத்துக்கு வருகிறேன். காலை எட்டரை முதல் பன்னிரண்டு வரை படிப்பு, அதற்குமேல் வேண்டாம். முதல் ஒரு மணி நேரம் சேர்ந்து படிப்பது. அடுத்து மகனோடு தனியாக முக்கால் மணி, சின்னவளோடு அரை மணி, மூத்தவளோடு அரை மணி; ஒருவரோடு நீங்கள் இருக்கும்போது மற்றவர்கள் வரைவார்கள், விளையாடுவார்கள், படிப்பார்கள், சண்டையும் போடுவார்கள். வாரத்தில் நான்கு நாள் இப்படி. ஐந்தாம் நாள் வெளியே. மதுரையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கென்று தனிப் பகுதி இருக்கிறது. கணவரின் ஷிஃப்ட் வாராவாரம் மாறும் என்றால், அவருக்குப் பாடம் ஒதுக்காதீர்கள், வேலையை ஒதுக்குங்கள். சைக்கிள் பழுது பார்ப்பது, நீச்சல், சந்தைக் கணக்கு. மதியம் உங்கள் வேலை நேரத்தில் பிள்ளைகளுக்குப் படிப்பு எதுவும் வேண்டாம். அவர்களுக்கு அலுப்புத் தட்டினால் தட்டட்டும். அலுத்துப்போய் உட்கார்ந்திருக்கும் பிள்ளை கொஞ்ச நேரத்தில் எதையாவது செய்யத் தொடங்கும். கைப்பேசியை மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

மாமியாரின் கவலை நியாயமானது. அதை வாதாடி வெல்லப் பார்க்காதீர்கள். மாலையில் தெருப்பிள்ளைகளோடு விளையாட்டு தினமும் இருக்க வேண்டும். சிலம்பம் போன்று எல்லா வயதினரும் ஒரே களத்தில் கற்கும் ஒன்றில் மூவரையும் சேர்த்துவிடுங்கள். ஊர்த் திருவிழா, உறவினர் வீட்டு விசேஷம் எதையும் படிப்பைக் காட்டித் தவிர்க்காதீர்கள். மூத்தவளின் பள்ளித் தோழிகள் வாரம் ஒருமுறையாவது வீட்டுக்கு வரட்டும். ஆறு மாதத்தில் மாமியாரே பார்த்துத் தெரிந்துகொள்வார். அப்போதும் அவர் கவலைப்பட்டால், அவர் கண்ணில் ஏதோ பட்டிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு நீங்களும் கவனியுங்கள்.

சட்டமும் சான்றிதழும். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கானது. பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று அதன் 10ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் சேர்க்காத பெற்றோருக்கு அந்தச் சட்டத்தில் தண்டனை ஏதும் சொல்லப்படவில்லை. வீட்டுக்கல்விக்கு அனுமதி தரும் ஏற்பாடும் இல்லை, வெளிப்படையான தடையும் இல்லை. பள்ளி செல்லாப் பிள்ளைகளைக் கணக்கெடுக்கும் ஆசிரியர்கள் உங்கள் வீட்டுக்கு வரக்கூடும். அவர்கள் தங்கள் கடமையைச் செய்கிறார்கள்; மரியாதையாக உட்காரவைத்துப் பிள்ளைகளின் நோட்டுகளைக் காட்டுங்கள். இதற்காகவே தேதி போட்ட நோட்டு, புகைப்படம், வாசித்த நூல்களின் பட்டியல் எல்லாம் பிள்ளைக்கு ஒரு கோப்பாக இருக்கட்டும். மாற்றுச் சான்றிதழையும் மதிப்பெண் அட்டைகளையும் பத்திரப்படுத்துங்கள். எப்போது மனம் மாறினாலும், எட்டாம் வகுப்பு வரை வயதுக்கேற்ற வகுப்பில் சேர அதே சட்டத்தின் 4ஆம் பிரிவு இடம் தருகிறது. மகன் மீண்டும் பள்ளிக்குப் போக விரும்பினால் தோற்றுவிட்டோம் என்று நினைக்காதீர்கள்.

பத்தாம் வகுப்புக்கு மூத்தவளுக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் 14 வயது நிறைந்தால் பத்தாம் வகுப்பு நிலையில் சேரலாம். ஐந்து பாடம் எடுத்தால் போதும், ஆண்டுக்கு இரண்டு முறை பொதுத்தேர்வு, பதிவு ஐந்தாண்டு செல்லும். எல்லாப் பாடத்தையும் ஒரே தடவையில் எழுத வேண்டியதில்லை. ஓவியமும் ஒரு பாடமாக உண்டு. சோர்ந்து போயிருக்கும் பெண்ணுக்கு இதுதான் பொருத்தம் என்பது என் கருத்து. மாநில அரசின் பத்தாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதுவது இரண்டாவது வழி. அதற்கும் வயது வரம்பு உண்டு, அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். கேம்பிரிட்ஜ் நடத்தும் பன்னாட்டுத் தேர்வான ஐ.ஜி.சி.எஸ்.இ. மூன்றாவது, பாடத்துக்குப் பாடம் கட்டணம் ஏறும், மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு அது பெரிய செலவு. எந்த வழியானாலும் கணக்கையும் அறிவியலையும் விட்டுவிடாதீர்கள், தமிழையும் மொழிப் பாடமாக எடுக்கச் சொல்லுங்கள். 15 வயதில் அவள் மனம் எங்கே போகும் என்று இப்போது யாருக்கும் தெரியாது. மகன் வளர்ந்த பிறகு வேண்டுமானால், 12 வயது 6 மாதம் நிறைந்ததும் அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வை எழுதலாம். சின்னவளுக்கு இதைப் பற்றி யோசிக்க இன்னும் காலம் கிடக்கிறது.

ஜூன் மாதம் எதையும் தொடங்காதீர்கள். பள்ளியின் ஓட்டத்திலிருந்து விடுபட பிள்ளைகளுக்கு ஓரிரு மாதம் வேண்டும். மூத்தவளுக்கு அதற்கும் அதிகமாகத் தேவைப்படலாம். தூங்கட்டும், வரையட்டும். அந்த இடைவெளியில் மகனின் பரிசோதனைகளை முடித்துவிடுங்கள். அமெரிக்கத் தொகுப்புக்கு இன்னும் பணம் கட்டவில்லை என்றால் கட்ட வேண்டாம். கட்டிவிட்டீர்கள் என்றால், மகளுக்கானதையும் மகனுக்கானதையும் திருப்பித் தர முடியுமா என்று உடனே கேளுங்கள்; சின்னவளுக்கான ஆங்கில வாசிப்பு நூலை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.